ஓரியூரில் விழுந்த வாள்

காரைக்குடி

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. மத்தேயு 5-இல் மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன இயேசு, 10-இல் வாளைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறாரே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். கவனமாகப் படித்ததால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. இதற்காக யாரிடமும் வெட்கப்படாதே.

சின்ன வயதில் உன்னை ஓரியூருக்குக் கூட்டிப்போனேனே, தேவகோட்டை, திருவாடானை வழியாக? அங்கிருந்து துணியில் முடிந்துவந்த செம்மண் இன்னும் நம் வீட்டு மாடத்தில் இருக்கிறது. நாம் அருளானந்தர் என்று கும்பிடும் ஜான் டி பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டிய இடம் அது. மறவர் சீமையின் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடுதான் வாழலாம் என்றார் அருளானந்தர். தேவரும் மற்ற மனைவிமாரை விலக்கினார். அவர்களில் ஒருத்தி, அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவு. அவள் போய் முறையிட, வினை முற்றியது.

இப்போது மத்தேயு 10-ஐ மறுபடி எடு. வாளைப் பற்றிச் சொன்ன கையோடு தாய்க்கும் மகளுக்கும், மாமியாருக்கும் மருமகளுக்கும் பிரிவு வரும் என்கிறார். வீடு இரண்டாகும் வலிக்குத்தான் அங்கே வாள் என்று பெயர். அதே அதிகாரத்தில்தான் சீடர்களை ஓநாய்களுக்கு நடுவே ஆடுகளைப்போல அனுப்புகிறார், கையில் கோல்கூட இல்லாமல். ஓரியூரிலும் வாள் அருளானந்தர் கையில் இல்லை, கழுத்தில்தான் விழுந்தது. ஆனால் ஒரு குற்றமும் செய்யாமல் விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சலை நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. அவளையும் வெட்டிய வாள் அது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த விளக்கம் பழைய ஏற்பாட்டில் யோசுவா அழித்த எரிகோ நகருக்குச் செல்லாது. அங்கே ஒரு குடும்பத்தைத் தவிர ஆண், பெண், கிழவர், குழந்தை, ஆடு மாடு, எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார், திருச்சபை ஏற்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஓரிஜன், அந்தப் போர்களை நம் மனதிலுள்ள பாவங்களோடு நடக்கும் போராக வாசித்தார். அழகான வாசிப்புதான். ஆனால் குழந்தைகளைப் பாவம் என்று படிக்க என்னால் முடியவில்லை.

எனக்குப் பிடி கிடைத்தது லூக்கா 9-இல். சமாரியர் ஊர் ஒன்று இயேசுவுக்கு இடம் தர மறுக்கிறது. வானத்திலிருந்து தீயை இறக்கி அழித்துவிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அவர்களாக நினைத்த யோசனை இல்லை அது. சமாரியாவின் அரசன் அனுப்பிய இரண்டு தலைவர்களையும் ஆளுக்கு ஐம்பது வீரர்களையும் எலியா அப்படித்தான் எரித்தார். 2 அரசர்கள் 1-இல் இருக்கிறது. வேதத்தில் முன்பே நடந்ததைத்தான் கேட்டார்கள். இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு எல்லோரும் வேறோர் ஊருக்கு நடந்துபோனார்கள்.

இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே நாளில் படித்துவிட்டு வா. லீவுக்கு வரும்போது எரிகோவைப் பற்றி இன்னும் பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பத்தா