தொழில்வழிச் சிகிச்சை மாணவர்க்குக் களப்பயிற்சி

நோய் தணிந்த பின்னும் உண்ணவோ, உடுக்கவோ, பிழைப்பைத் தொடரவோ இயலாதவர்க்கு அவ்வாற்றலை மீட்டுத் தருவது தொழில்வழிச் சிகிச்சை. இந்தியாவில் இக்கல்வி 1950-ல், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. 1952-ல் அமைந்த உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் தொடக்க உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மாணவர் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையுடன் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது அக்கூட்டமைப்பு வகுத்த தரம்.

மணிக்கணக்கு நிறைவது மட்டும் போதாது. பயிற்சி நடைபெறும் இடமும் முக்கியம். மருத்துவமனைக் கூடத்தில் தரை சமமாகவும், மேசை உயரமாகவும் இருக்கும். பெங்களூரில், தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் நீலசந்திரா போன்ற நெருக்கமான பகுதியில் நிலைமை வேறு. பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் மரக்கட்டைகளை அடுக்கப் பழகியவர், வீட்டில் தரையில் அமர்ந்து காய் நறுக்க வேண்டும். குடத்தைத் தூக்க வேண்டும். குறுகிய படிகளில் ஏற வேண்டும். இவற்றை நேரில் காணாத மாணவர் வகுக்கும் சிகிச்சை ஏட்டளவில் நின்றுவிடும்.

மேற்பார்வையாளரின் பணி இங்குதான் சிறக்கிறது. முதலில் மாணவர் உடனிருந்து கவனிக்கிறார். அடுத்து, அவர் பார்வையில் தாமே செய்கிறார். பின்னர் பொறுப்பேற்று, பதிவேட்டில் எழுதி, அன்றாடம் விவாதிக்கிறார். தவறு நோயாளியைப் பாதிக்குமுன் திருத்தப்படுகிறது.

2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலைத் தேசிய ஆணையத்தின் கீழ்க் கொணர்ந்துள்ளது. பாடத்திட்டம் வகுப்போர், மருத்துவமனைப் பயிற்சியோடு இல்லங்களில் பெறும் பயிற்சிக்கும் உரிய இடமளித்தல் வேண்டும். நோயாளி மீண்டும் வாழப்போவது அங்கேதான்.