இருள்வழிக்கு ஓர் ஊன்றுகோல்

திண்டினைப் போன்ற கற்குன்று ஒன்று நடுவே கிடத்தலால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்ற மாநகரில், அக்குன்றின் உச்சியில் ஒரு கற்றளி உண்டு. தூணும் மண்டபமும் சிற்பமும் அங்கே உள்ளன. கருவறையில் மட்டும் மூலத் திருமேனி இல்லை. மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த மலைக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினரிடமும் பின்னர் ஆங்கிலேயரிடமும் கைமாறிற்று. அப்போர்க்காலத்தில் மலைமேல் வீற்றிருந்த பத்மகிரீசுவரரும் அபிராமியம்மையும் கீழே நகரிலுள்ள காளத்தீசுவரர் திருக்கோயிலுக்கு எழுந்தருளினர் என்பது ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இன்று அத்திருக்கோயிலில் காளத்தீசுவரர், ஞானாம்பிகை சந்நிதிகளோடு அவ்விருவர் சந்நிதிகளும் விளங்குகின்றன. ஊரார் வாயில் அது அபிராமியம்மன் கோயிலே.

மலையேறி அவ்வெற்றுக் கருவறையின் முன் நிற்பவர், உள்ளே யாருமில்லை என்று அறிந்தும் கைகூப்புவதுண்டு.

அத்தகைய வெறுமை அடியவர் உள்ளத்திலும் நேர்கின்றது. பல்லாண்டுகளாக விளக்கேற்றி அந்தாதி நூறு பாடலும் ஓதிவந்த ஒருவருக்கு, முன்பு ஓதுங்கால் கண் கசிந்தது. இப்போது நா மட்டும் அசைகின்றது; நெஞ்சு அசையக் காணோம். சந்நிதியில் நின்றாலும் சுவரின் முன் நிற்பதுபோல் இருக்கின்றது. ‘அன்பில்லாத வழிபாடு எதற்கு? நிறுத்திவிட்டால் என்ன?’ என்னும் எண்ணம் அப்போது எழுகின்றது. அவ்வெண்ணத்தை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. அது பெரும்பாலும் நேர்மையான உள்ளத்திலேதான் பிறக்கின்றது.

அவர்க்குத் துணையாகத்தக்க வரலாறு ஒன்று சேக்கிழார் பெருமானின் பெரியபுராணத்தில் உள்ளது. திருவொற்றியூரில் மகிழ மரத்தின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட்டு அவ்வாணையைக் கடந்தார். ஒற்றியூர் எல்லை நீங்கியதும் இரு கண்ணொளியும் இழந்தார். இறைவனே தோழராக வாய்த்த பெருமை உடையவர், வழி தெரியாது தடுமாறினார். ஆயினும் திரும்பவில்லை, ஆரூரையே நோக்கி நடந்தார்.

இடையே திருவெண்பாக்கத்தை அடைந்து, இறைவர் கோயிலில் இருக்கின்றாரா என்றே வினவினார். கோயில் வாயிலில் நின்று கேட்கத்தக்க கேள்வியா இது? கண்ணிழந்தவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தாம் அங்கே இருப்பதாகவும், அவர் தம் வழியே போகலாம் என்றும் அயலார்போல் விடை வந்தது. பார்வை வரவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. அத்தலத்து அம்மை மின்னொளி காட்டி வழிவிட்டாள் என்பது தலவரலாறு. பெருமான் திருநாமமும் ஊன்றீசுவரர் என்றே வழங்குகின்றது.

சுந்தரர்க்கு நேர்ந்தது சூள் பிழைத்ததன் பயன். அதுகொண்டு, உள்ளம் வறண்டார் யாவரும் ஏதோ பிழை செய்தவரே என்று சிலர் தீர்ப்புக் கூறுவர். அது பொருந்தாது. பிழையொன்றும் கூறப்படாத இடத்தும் அடியார் கலங்கியுள்ளனர்; மணிவாசகப் பெருமான் தம்மை விட்டுவிடலாகாது என்று ஐம்பது பாடல்களால் மன்றாடியதே நீத்தல் விண்ணப்பம். சுந்தரர் வரலாற்றில் கொள்ளத்தக்கது பிழையன்று. அவர் பெற்ற கோல். ஒளி வேண்டினார்க்கு முதலில் தரப்பட்டது ஒளி அன்று, ஒளி வருமளவும் நடப்பதற்குரிய துணை. சுவை தோன்றாத நாளிலும் ஏற்றும் விளக்கும், மனம் பொருந்தாத போதும் விடாது ஓதும் பாடலும் அத்தகைய கோலே. கையில் கோல் இருப்பதால் வழி தெரிந்துவிடுவதில்லை. கால் மட்டும் நிற்பதில்லை.

திண்டுக்கல் சமவெளியின் உழவர்க்கு இது புதிதன்று. கிணறு வற்றிய கோடையில் அதனை மூடிவிடுவார் இலர். அப்போதுதான் இறங்கித் தூர் வாருவர். நீர் நிறைந்த நாளில் அது இயலாது.

சுந்தரர் அக்கோலை ஊன்றியவாறே திருவாலங்காட்டைத் தொழுது, காஞ்சியில் இடக்கண் பெற்றார்; திருவாரூரில் வலக்கண் பெற்றார். நடந்த வழியெல்லாம் பாடியும் நின்றார். அப்பாடல்களில் பணிவோடு கடிந்துரையும் உண்டு. கண்ணில்லாதவர் கண்ணுடையவரை நோக்கி நியாயம் கேட்கும் குரல் அது. வறட்சியுற்றோர் முறையிடலாகாது என்று எவரும் விதிக்கவில்லை. முறையீட்டுக்கும் கேட்பவர் ஒருவர் வேண்டுமன்றோ!

அவர் கோல் பெற்ற வெண்பாக்கத்துப் பழங்கோயிலின் இடம், 1944இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிற்று. ஊன்றீசுவரர் அருகே புதுக்கோயிலில் எழுந்தருளியுள்ளார். திண்டுக்கல்லிலும் மூர்த்தி இருந்த இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. மாலையில் கோட்டை வாயில் அடைபடுமுன் மலையிலிருந்து இறங்குவோர், அபிராமியம்மன் கோயிலில் சாயரட்சை மணி ஒலிக்கும் வேளைக்கு அங்கே வந்து சேரலாம்.