விமானி ஆவதற்கு வழி எது? கடைக்காரர் கண்ணோட்டத்தில் ஒரு பாடம்



நம் பிள்ளைகள் தராசுக்குப் பின்னால் நிற்க விரும்பாத காலம் இது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் பாட்டன்மார் கப்பலின் மேல்தளத்தில் படுத்துப் பினாங்குக் கரை சேர்ந்தார்கள். பேரப் பிள்ளைகள் விமானத்தை ஓட்ட ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் ஆசைக்கு விலை உண்டு. அவ்விலை இன்னதென்று அறியாமல் பணத்தைக் கொட்டுபவர் வியாபாரி அல்லர்.

இதை எழுதக் காரணம் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் தேறிய நம் மூத்த மகன், சென்ற மாதம் ஓர் இரவு கடை அடைக்கும் நேரத்தில் பளபளப்பான நோட்டீஸ் ஒன்றைக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்து, "அத்தா, இதைப் படியுங்கள்" என்றான். விமானப் பயிற்சிப் பள்ளியின் நோட்டீஸ் அது. "கடையை வைத்து பேங்கில் கடன் எடுக்கலாமே, நான் சம்பளம் வாங்கி அடைத்துவிடுவேன்" என்றும் சொன்னான். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவர். விமானம் பற்றி ஏதும் அறியோம். ஆனால் கணக்குப் போட அறிவோம். ஆகவே விஷயம் தெரிந்தவர்களைத் தேடிச் சென்று கேட்டோம். கேட்டறிந்ததைப் பாடமாக இங்கே தருகிறோம்.

1. உரிமம் வேறு, வேலை வேறு

எல்லா நாட்டு விமானிகளுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே. 1944-ம் ஆண்டுச் சிக்காகோ ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த அனைத்துலக விமான அமைப்பு அவற்றை வகுக்கிறது. மலேசியாவில் அவற்றை நடத்துவது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018-ல் பழைய இலாகாவுக்குப் பதிலாக ஏற்பட்டது அது.

முதல் படி தனியார் விமானி உரிமம். 17 வயது நிரம்பவேண்டும். 40 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். இதை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்ட முடியாது. இரண்டாம் படி வர்த்தக விமானி உரிமம். 18 வயது வேண்டும். 200 மணி நேரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் தொடர்ச்சியாகப் பயில்பவருக்கு 150 மணி போதும். இதிலே தனியாகப் பொறுப்பேற்று 300 கடல் மைல் தூரம் சென்று, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கிக் காட்டுவதும் அடங்கும். வெளியே எதையும் காணாமல் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதியும், இரட்டை எஞ்சின் விமானத் தகுதியும் இதனுடன் சேரவேண்டும். உச்சப் படியான விமான நிறுவன விமானி உரிமத்திற்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். அந்த மணிகளைப் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த பிறகு, துணை விமானியாக இருந்தே சேர்க்கிறார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பள்ளி விற்பது உரிமத்தை, வேலையை அன்று. நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். வேலை கொடுப்போம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. "வாய்ப்புகள் ஏராளம்" என்று மட்டும் எழுதியிருந்தது. "இந்தச் சரக்குக்குக் கிராக்கி அதிகம்" என்று மொத்த வியாபாரி சொல்வதற்கும், அவரே விற்றுத் தருவதாகக் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

2. வைத்தியப் பரிசோதனை முதலில், முன்பணம் பிறகு

இந்தப் பாடத்தை நாம் காசு கொடுத்துக் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அண்ணன் மகன் விமானியாக விரும்பினான். இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் அண்ணனும் நாமும் சேர்ந்து ஒரு பள்ளிக்கு முன்பணம் கட்டினோம். அதன் பின்னரே முதல் தர வைத்தியப் பரிசோதனைக்குச் சென்றான். வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண்ணைக் கண்டுபிடிக்கும் அட்டைகளைக் காட்டினார்கள். பையனால் பல எண்களைக் காண இயலவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறை. மேல் சோதனையும் கைகொடுக்கவில்லை. கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தோம்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளை சிறுவயதில் நம் ஜவுளிக் கடைக்கு உதவிக்கு வரும்போது, துணிக்குப் பொருந்தாத நிறத்தில் நூல் கண்டை எடுத்துக் கொடுப்பான். கவனமில்லாதவன் என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறோம். அவன் மேல் குற்றமில்லை என்பது அன்றுதான் விளங்கியது. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஆகவே சகோதரர்களே, பிள்ளையை ஆணையம் அங்கீகரித்த வைத்தியரிடம் அனுப்பி முதல் தரச் சான்று பெற்ற பின்பே எந்தப் பள்ளியின் வாசலையும் மிதியுங்கள். கண், காது, இருதயம், இரத்தம் எல்லாம் சோதிப்பார்கள். கண்ணாடி அணிவது தடையன்று. குறிப்பிட்ட அளவுக்குள் திருத்திப் பார்வை சரியானால் போதும். பரிசோதனைக்கு ஆகும் செலவு பள்ளிக் கட்டணத்தில் ஓர் அற்பப் பங்கே. ஆங்கிலத்தையும் அப்போதே எடை போடுங்கள். வெளிநாட்டு வழிகளில் பறப்பவருக்கு ஆங்கிலப் பேச்சில் நான்காம் நிலையாவது வேண்டும் என்பது அனைத்துலக விதி.

3. நான்கு வழிகள்

முதல் வழி, விமானக் கம்பெனியின் கேடட் திட்டம். கம்பெனியே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிறது. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் போன்ற கம்பெனி பயிற்சிச் செலவை ஏற்று, பதிலுக்குப் பல ஆண்டுகள் பணிபுரியப் பிணை எழுதி வாங்கும். வேறு சில திட்டங்களில் பெயர் மட்டும் கேடட். செலவு பெற்றோர் தலையில். இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறக்கூடாது. ஒரே கம்பெனிக்கென்றே பழக்கும் பல விமானிக் குழு உரிமம் என்ற முறையும் 2006 முதல் உண்டு. அந்தக் கம்பெனி தள்ளாடினால், அந்த உரிமத்தை வேறிடம் கொண்டுபோவது எளிதன்று.

இரண்டாம் வழி, நம் நாட்டுப் பள்ளியில் முழுநேரமாக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பயில்வது. கட்டணம் மூன்று, நான்கு இலட்சம் ரிங்கிட் என்ற கணக்கில் நிற்கிறது.

மூன்றாம் வழி, படிப்படியாகப் போவது. பறக்கும் கிளப் ஒன்றில் தனியார் உரிமம் எடுத்து, சம்பாதித்துக்கொண்டே மணிகளைச் சேர்த்து, பின்னர் வர்த்தக உரிமத்திற்குப் போவது. காலம் அதிகம். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்க இடமுண்டு. பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று தெரிந்தால் நட்டம் சிறிது. சிங்கப்பூரில் வாழும் சகோதரர்கள் சிலேத்தாரில் உள்ள இளையர் பறத்தல் சங்கத்தை மறக்கவேண்டாம். 1971-ல் அரசு ஆதரவில் ஏற்பட்ட அது, தேர்வாகும் மாணவ மாணவியர்க்குத் தனியார் உரிமம் வரை கற்றுத் தருகிறது.

நான்காம் வழி, வெளிநாட்டுப் பள்ளி. கட்டணம் குறைவாகத் தோன்றும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கே பெறுவது அந்த நாட்டு உரிமம். இங்கே வேலை வேண்டுமானால் நம் ஆணையத்தின் தேர்வுகளை எழுதி மாற்றிக்கொள்ளவேண்டும். அந்தச் செலவையும், விசா, வாடகை, நாணய மாற்று ஆகியவற்றையும் கூட்டினால் மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டிவரும்.

4. பேரேட்டில் எழுதிப் பாருங்கள்

இரண்டாம் வழியை எடுத்து ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். எண்களை அவரவர் விசாரித்துத் திருத்திக்கொள்க. பள்ளிக் கட்டணம் 3,50,000 ரிங்கிட். இரண்டாண்டுச் சாப்பாடு, தங்குமிடம், மாதம் 1,500 வீதம் 36,000. தேர்வு, வைத்தியம், தவறிய பாடங்களுக்கு மறு கட்டணம் 15,000. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியை, அதாவது ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737-க்கு உரிய சிமுலேட்டர் பயிற்சியை, கம்பெனி ஏற்காவிட்டால் 1,00,000. வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் உரிமம் காலாவதியாகாமல் காக்க 20,000. ஆக மொத்தம் 5,21,000. நோட்டீஸில் நாம் கண்டதோ 3,50,000! எஞ்சிய 1,71,000 அச்சில் ஏறாத செலவு. மொத்தத்தையும் கடனாக வாங்கினால், வட்டியோ இலாபமோ ஏதும் சேர்க்காமலே, 15 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 2,900 ரிங்கிட் கட்டவேண்டும்.

சந்தை எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். மலேசிய விமான நிறுவனம் 2015-ல் தன்னைச் சீரமைத்தபோது சுமார் 6,000 வேலைகள் போயின. 2020-ல் கொள்ளை நோயின் போது சிங்கப்பூர் எயர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 இடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. ஜெட்ஸ்டார் ஏசியா 2025 ஜூலை 31-ந் தேதியுடன் பறப்பதை நிறுத்திற்று. நல்ல காலமும் வருகிறது. வரும்போது ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவிக்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வீடுதான் இத்தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பலாம்.

5. பள்ளியிடம் கேட்கவேண்டியவை

நேரில் போங்கள். பறக்கும் நிலையில் இன்று எத்தனை விமானங்கள் உள்ளன? மாணவர் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர்? சென்ற குழுவினர் உண்மையில் எத்தனை மாதத்தில் முடித்தார்கள்? வடகிழக்குப் பருவமழையிலும் புகைமூட்டத்திலும் பறக்காத நாட்களுக்கு யார் செலவு? முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று விமானம் ஓட்டுகிறார்கள்? அவர்களில் இருவரோடு பேசலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் பள்ளியை விட்டு விலகுங்கள்.

கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு தவணை என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி மூடப்பட்டால் கட்டிய பணத்தைத் தேடி வழக்கு மன்றம் ஏறி இறங்கப்போவது நாம்தான்.

கடனைப் பொறுத்தவரை, மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கு உரியது. நம்மில் எவருக்குப் பொருந்தும் என்பதையும், அரசின் உயர்கல்விக் கடன் இந்தப் படிப்புக்கு உண்டா என்பதையும் அந்தந்த அலுவலகத்தில் எழுத்தில் பெறுங்கள். வட்டிக்கு வாங்குவதன் ஹராம் ஒருபுறமிருக்க, கடையையோ வீட்டையோ ஈடு வைப்பது ஒரு பிள்ளையின் ஆசைக்காக மற்றப் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைப்பதாகும். ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. உறவுக்காக ஜாமீன் நின்று உறவையே இழந்தவர்கள் நம்மிடையே இல்லையா?

முடிவாக

நம் மகனுக்கு நாம் சொன்ன பதில் இது: "கடையை ஈடு வைக்கமாட்டோம். ஆசையைக் கைவிடு என்றும் சொல்லமாட்டோம்." கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேரேட்டைத் திறந்து மேற்கண்ட கணக்கை அவனையே கூட்டச் சொன்னோம். இரண்டு முறை கூட்டினான். பிறகு, "அத்தா, நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினோம், அல்ஹம்துலில்லாஹ், தேறினான். இப்போது டிப்ளோமா படிப்பில் சேர்ந்திருக்கிறான். கையில் வேறொரு தொழிலும் இருக்கட்டும் என்பது நம் எண்ணம். சனி, ஞாயிறு கடையில் நின்று, தன் சம்பளத்தைத் தனியார் உரிமத்திற்கென்று சேர்க்கிறான். அவன் சேர்க்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் நாம் ஒரு ரிங்கிட் போடுகிறோம். கேடட் திட்டம் எப்போது அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பிப்பான். அனைத்துலகப் பயணி விமானங்களை 65 வயது வரை ஓட்டலாம். இரண்டு மூன்று ஆண்டு பொறுப்பதால் குடி முழுகிவிடாது. அவசரத்தால் முழுகிய குடிகள் உண்டு.

உங்கள் மகனோ மகளோ இதே நோட்டீஸுடன் வந்து நின்றால் ஏசி அனுப்பாதீர்கள். உடனே கையெழுத்தும் போடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே விமானிகளாய் உள்ள சகோதரர்கள், தாங்கள் கண்டறிந்ததை இந்த ஏட்டுக்கு எழுதினால் பின்னால் வருபவர்க்குப் பேருதவியாகும். நம் பிள்ளைகளின் நாட்டத்தை அல்லாஹ் ஹலாலான வழியில் நிறைவேற்றி வைப்பானாக. ஆமீன்.