நம்பாமல் கோயிலுக்குப் போகும் பிள்ளைக்கு

பிள்ளை, நீ பகுத்தறிவாளர் கோவூரின் புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டாயாம். இனி ஒரு வருடம் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை என்று எல்லா வாசலுக்கும் போய்ப் பார்க்கப் போகிறாயாம். உன் அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் பயம் இருந்தது. எனக்குப் பயமில்லை. உன் வயதில் நானும் நம்பாதவன், இன்றைக்கும் நம்பாதவன்தான். நம்பாத விதம்தான் மாறியிருக்கிறது. இடையில் நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன். நீ புதுப் பிழைகளை விடு.

1. வண்டியை விட்டு இறங்கு. கனகராயன்குளத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் நகராது. இளம் வயதில் நான் மட்டும் இறங்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். பெரிய புரட்சி என்று நினைப்பு. ஒருநாள் பக்கத்து இருக்கைக் கிழவி திரும்பி வந்து, “கால் ஏலாதோ தம்பி?” என்று கேட்டு ஒரு சுருள் கச்சானை என் மடியில் வைத்தாள். புரட்சி அன்றோடு முடிந்தது. இறங்கி ஓரமாக நில். நிற்பது நம்பிக்கை ஆகிவிடாது.

2. செருப்போடு வாதத்தையும் கழற்றி வை. அதை யாரும் களவெடுக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது அங்கேயே கிடக்கும். கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். விகாரையில் புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு முறை உண்டு. “எனக்குத் தெரியாது, எப்படி நிற்கவேணும்?” என்று கேள். கேட்டவனை எந்த வாசலும் துரத்தியதில்லை.

3. ஆனால் நடிக்காதே. மடுவில் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு ஒரு கத்தோலிக்க நண்பன் என்னைக் கூட்டிப்போனான். எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். தனியே இருக்க வெட்கப்பட்டு நானும் போய் நற்கருணை வாங்கிவிட்டேன். வரும் வழி முழுக்க அவன் பேசவில்லை. எனக்கு அது ஒரு துண்டு அப்பம். அவனுக்கு அது உயிர். “நீ பேசாமல் இருந்திருக்கலாமே, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்” என்று பல மாதம் கழித்துச் சொன்னான். மரியாதை வேறு, வேஷம் வேறு.

4. தலத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போ. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் தூக்கிக்கொண்டு வந்த சொரூபம் மடு மாதா. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சொரூபம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. பங்கரும் பதிவு அட்டையுமாக அலைந்த எங்கள் சனம் ஏன் அவளை அம்மா என்கிறது என்பதற்கு, அற்புதக் கதைகளை விட இந்த இரண்டு ஓட்டங்களும் எனக்குப் போதும்.

5. அற்புதத்தை மட்டும் பார்க்காதே. வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கு எரிப்பார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஒருமுறை, அது எப்படி எரிகிறது என்று கண்டுபிடிக்கப் போனேன். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கூட வந்தவனுக்கு விஞ்ஞானம் ஓதினேன். பின்னால் நின்ற ஒரு தாய் மெதுவாக, “தம்பி, கொஞ்சம் விலகி நில்லுங்கோ. எனக்கு அம்மாளைத் தெரியேல்லை” என்றாள். மகனுக்கு நேர்த்தி வைத்து வந்தவள். 2009இல் காணாமற்போன பிள்ளை. நான் விலகினேன். அந்த விளக்கைப் பற்றி அதன் பிறகு நான் யாரோடும் வாதாடியதில்லை.

6. கேள்வியை அடக்காதே, ஆளறிந்து கேள். மண்டியிட்டு அழுபவளிடம் கேட்காதே. ஒலிவாங்கி பிடித்திருப்பவரிடம் கேள். என் அயலவர் ஒருவர் ஜெபக்கூட்டமொன்றில் சீனி வருத்தத்துக்கான குளிசைகளை நிறுத்தச் சொன்னார்கள் என்று நிறுத்தினார். அப்போது எனக்கு வயது போய்விட்டது, பண்பும் வந்துவிட்டது, பேசாமல் இருந்தேன். அவர் ஒரு காலை இழந்தார். பேச வேண்டிய இடத்தில் காட்டும் பணிவு பயத்தின் மறுபெயர்.

7. எல்லா வாசலுக்கும் ஒரே தராசு. விகாரையில் கட்டும் பிரித் நூலைப் பார்த்துச் சிரித்த நான், எங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கோயிலில் கட்டிய நூலை வடிவென்று சொன்னவன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அனுமதி கேட்டுப் பின்வரிசையில் இரு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது என்னைப் போன்றவர்கள் வாய் திறக்கவில்லை. அதையும் நினைத்துக்கொண்டு இரு. எங்கள் வவுனியா வடக்கிலேயே, 2024 சிவராத்திரி இரவில் வெடுக்குநாறிமலையில் கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்தது. கடவுள் இல்லை என்பவனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. நீ கும்பிடாமல் இருக்கும் உரிமையும் அடுத்தவன் கும்பிடும் உரிமையும் ஒரே வேலியின் இரண்டு பக்கம்.

8. கோவூரை இன்னொருமுறை படி. 1963இல் அமானுஷ்ய சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அவர் விட்ட சவாலைத்தான் நானும் உன்னைப் போலப் பாடமாக்கி வைத்திருந்தேன். பேய் பிடித்ததாக வந்தவர்களை இருத்தி, அவர்கள் மனத்தில் கிடந்ததை அவர் பொறுமையாகக் கேட்டதை வாசித்தும் தாண்டிப் போய்விட்டேன். பந்தயத்தை எடுத்துக்கொண்டு காதை விட்டுவிட்டேன். நான் விட்ட பிழைகளிலெல்லாம் தாய்ப்பிழை அதுதான்.

9. கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்யவேண்டியது இது. மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் போகமுன், உன் வீட்டுச் சாமியறைக்குப் போ. பின்னேரம் அம்மா விளக்கு வைக்கும்போது பக்கத்தில் இரு. என்ன கேட்டுக் கும்பிடுகிறாய் என்று கேட்காதே. பெரும்பாலும் அது நீயாகத்தான் இருக்கும். திரி தாழ்ந்தால் தூண்டிவிடு.