முகப்பூச்சில் மூலிகைச் சாறு

ஒரு கத்தரிக்காயை நறுக்கி வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டிய இடம் கறுத்துவிடும். இன்னொரு துண்டில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி வையுங்கள். அது அவ்வளவு சீக்கிரம் கறுக்காது.

காரணம் என்ன? காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதால்தான் கத்தரிக்காய் கறுத்தது. எலுமிச்சையின் புளிப்பும், அதிலுள்ள வைட்டமின் 'சி'யும் அதைத் தடுத்தன.

நம் தோலும் இப்படிக் கெடுவது உண்டு. வெயிலும் புகையும் படும்போது தோலில் தீங்கு செய்யும் நுண்பொருள்கள் உண்டாகின்றன. அவை தோலைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. சுருக்கம் விழுகிறது. திட்டுத் திட்டாகக் கருமை படிகிறது. இந்த நுண்பொருள்களை அடக்கும் பொருளுக்கு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெயர். நாம் அதைக் காப்புப் பொருள் என்போம்.

செடிகளில் காப்புப் பொருள்கள் நிறைய உள்ளன. மஞ்சளில் குர்குமின் இருக்கிறது. நெல்லிக்காயில் வைட்டமின் 'சி' இருக்கிறது. தேயிலையில் கேட்டசின் இருக்கிறது. இவற்றின் சாற்றைப் பிரித்தெடுத்து முகப்பூச்சுகளில் சேர்க்கிறார்கள்.

இதனால் பலன் உண்டா? ஓரளவு உண்டு. ஆனால் சாறு போதிய அளவு இருக்க வேண்டும். கெடாமலும் இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் வைட்டமின் 'சி' வீணாகிவிடும். டப்பாவின் மேல் பெரிய நெல்லிக்காய்ப் படம் இருக்கலாம். உள்ளே ஒரு துளிச் சாறுதான் இருக்கலாம்.

எந்தச் சாறும் பிறவி நிறத்தை மாற்றாது. மாற்றவும் தேவையில்லை. தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்ற பொருள். வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அதுதான். கருமை ஒரு குறை அல்ல.

சிவப்பாக்கும் ஆசையில் உடல்நலத்தை இழந்தவர்கள் உண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்தது. அவர்கள் பூசிய பூச்சில் பாதரசம் கலந்திருந்ததே காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் கள்ளத்தனமாக விற்கிறார்கள்.

நமக்கு இப்போது படிக்கத் தெரியும். டப்பாவையும் படிப்போம்.

1. தயாரித்தவரின் முகவரியும் உரிம எண்ணும் உள்ளனவா?

2. எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்?

3. என்னென்ன பொருள்கள் சேர்த்திருக்கிறார்கள்? அதிகம் உள்ள பொருளை முதலில் எழுதுவார்கள். மூலிகையின் பெயர் கடைசியில் இருந்தால், அது மிகக் குறைவு.

இந்தப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூலிகையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவுங்கள். ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்தில் பூசாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து புண்ணாகிவிடும்.

வயலுக்குப் போகும்போது தலைக்கும் முகத்துக்கும் துணி கட்டுங்கள். நண்பகல் வெயிலில் குடை பிடியுங்கள். நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் குடும்பத்தோடு சாப்பிடுங்கள். இவற்றுக்கு அதிகச் செலவில்லை.

விடை சொல்லுங்கள்

1. காப்புப் பொருள் தோலில் என்ன வேலை செய்கிறது?

2. பாதரசம் கலந்த பூச்சு எந்த உறுப்பைக் கெடுக்கும்?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு டப்பாவை எடுங்கள். அதில் முதலில் எழுதியுள்ள பொருள் எது?