பித்தப்பையில் விளையும் கல்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வெறும் நீரை ஊற்றினால் பிசுக்குப் போவதில்லை, சீயக்காய் வேண்டும். சீயக்காய் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரோடு கலக்கச் செய்கிறது. நாம் உண்ணும் கொழுப்புக்கும் குடலில் இத்தகைய ஒரு சீயக்காய் தேவை. அதுதான் பித்தநீர்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் சுரக்கிறது. அதைச் சேமித்து வைக்கும் பித்தப்பையோ 7 முதல் 10 செ.மீ. நீளமே உடையது; 50 மில்லி லிட்டர் கொண்டால் அதிகம். பின் எப்படிச் சமாளிக்கிறது? பித்தநீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைச் சுண்ட வைக்கிறது. நாம் உண்டதும் சுருங்கிக் குடலுக்குள் பீய்ச்சுகிறது.

பித்தநீரில் கொலஸ்டிராலும் உண்டு. அது நீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசித்தினும்தாம் அதைக் கரைசலில் தாங்கி நிற்கின்றன. கற்கண்டு எப்படி விளைகிறது என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரைப் பாகு மிகச் செறிவாக இருக்க வேண்டும். அசையாமலும் இருக்க வேண்டும். பித்தப்பையில் கல் விளைவதற்கும் இந்த இரண்டும் போதும்!

உடல் பருத்தவர்களின் கல்லீரல் கொலஸ்டிராலை மிகுதியாக உண்டாக்குகிறது. இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலையில், அது மேலும் மேலும் பித்தநீருக்குள் தள்ளப்படுகிறது. பித்தப்பை சுருங்குவதும் மந்தமாகிறது. பாகு செறிவாயிற்று, அசைவும் நின்றது! பட்டினி கிடந்து சட்டென்று இளைக்க நினைப்போரும் தப்புவதில்லை. உடற்கொழுப்பு விரைவாகக் கரையும்போது கொலஸ்டிரால் பித்தநீரில் சேர்கிறது; உணவு வராததால் பித்தப்பை வேலையின்றிக் கிடக்கிறது.

கல் பல ஆண்டுகள் உறுத்தினால் பையின் உட்சுவர் அழன்று புண்படும். பழைய செல்கள் அழிய, புதியவை ஓயாமல் பிரிந்து பெருகும். பிரியும்தோறும் பிழை நேர வாய்ப்புண்டு. பிழைகள் திரண்டால் புற்றுநோய். பித்தப்பைப் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோருக்குக் கல்லும் இருக்கிறது. ஆனால், இதைத் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள்! கல் உள்ளவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குக்கூட இந்நோய் வருவது அரிது. பருமனுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் உறுதி செய்தது.

இந்நோய் ஊருக்கு ஊர் வேறுபடுவது வியப்பானது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும், நம் நாட்டில் கங்கைச் சமவெளியிலும் மிகுதி, தென்னிந்தியாவில் குறைவு. வடக்கே கொலஸ்டிரால் கற்களும் தெற்கே நிறமிக் கற்களும் அதிகம் காணப்பட்டிருக்கின்றன. இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டைபாய்டு கிருமி பித்தப்பையில் நெடுங்காலம் குடியிருப்பதும் இந்நோயோடு தொடர்புடையதே.

இந்நோயின் கொடுமை, அது தொடக்கத்தில் வெளியே தெரியாமல் இருப்பதுதான். மஞ்சட்காமாலையும் எடைக் குறைவும் தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே சிலி அரசு 2006-இல் ஓர் ஏற்பாடு செய்தது: 35 முதல் 49 வயதுக்குள் பித்தக்கல்லால் தொல்லைப்படுவோருக்குப் பித்தப்பையையே நீக்கும் அறுவை உறுதி செய்யப்பட்டது. பை போனால் செரிமானம் என்னாவது என்கிறீர்களா? கல்லீரல் சுரப்பதை நிறுத்துவதில்லை. பித்தநீர் சேமிப்பின்றிச் சிறிது சிறிதாக நேரே குடலில் இறங்குகிறது.