பூட்டுவதா? விட்டுப் பிடிப்பதா?

நுழையும்முன்

மழைக்காலத்து மண்பாதையில் வண்டி சிக்கிக்கொள்ளும் காட்சியை நாம் கண்டிருப்போம். ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுழன்றுகொண்டே இருக்கும். மறு சக்கரமோ உறுதியான தரையில் நின்றும் அசையாது கிடக்கும். எஞ்சினில் வலிமை இருந்தும் வண்டி நகர்வதில்லை. இது ஏன் நிகழ்கிறது? இதனை வெல்ல மனிதன் கண்ட வழிகள் யாவை? அவற்றுள் எதனை எவ்விடத்திற்குத் தேர்வது? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

வயல் தரும் பாடம்

நாற்று நடுவதற்காக நீர் கட்டிச் சேறாக்கும் வயலில் டிராக்டர் உழுவதைக் கூர்ந்து கவனியுங்கள். சில வேளைகளில் ஒரு பெரிய சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே சுழன்று பள்ளம் பறிக்கும். பட்டறிவு மிக்க ஓட்டுநர் பதறுவதில்லை. வேகத்தைக் குறைத்து, காலடியில் உள்ள ஒரு சிறு மிதியை அழுத்துவார். மறுகணம் இரு சக்கரங்களும் ஒருசேரச் சுழல, டிராக்டர் மேலேறி வரும். பின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த மிதியின் பெயர் 'டிஃபரன்சியல் லாக்'. மலையிலும் மணலிலும் செல்லும் ஜீப் வகை வண்டிகளில் இன்று பெரிதும் பேசப்படும் கருவி, நம் உழவர்களின் காலடியில் நெடுங்காலமாக இருந்து வருவதுதான்.

திருப்பத்தின் கணக்கு

பூட்டைப் புரிந்துகொள்ள, அது எதனைப் பூட்டுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவைக் கடக்கிறது. இரு சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் உள்ள வண்டி ஒரு முழுவட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். மாட்டுவண்டிக்கு இதனால் சிக்கல் இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்பவை. ஆனால், மோட்டார் வண்டியில் எஞ்சினின் ஆற்றலைப் பெற்றுச் சக்கரங்களே வண்டியை உந்த வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால், திருப்பத்தில் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்ப்பதே டிஃபரன்சியல். இரு அரைத்தண்டுகளுக்கு நடுவே அமைந்த இப்பற்சக்கரத் தொகுதி, இரு சக்கரங்களையும் உந்திக்கொண்டே அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடம் தருகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் என்பார் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சமப் பங்கீட்டின் குறை

இயல்பான டிஃபரன்சியல் இரு சக்கரங்களுக்கும் திருப்பு விசையைச் சமமாகப் பங்கிடுகிறது. கேட்பதற்கு இது நீதியாகத் தோன்றும். சேற்றிலோ இதுவே குறையாகிறது. ஒரு சக்கரம் தரையிலிருந்து எவ்வளவு பிடிப்பைப் பெறுகிறதோ அந்த அளவு விசையைத்தான் அது ஏற்க முடியும். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 பங்கும், பாறையில் நிற்கும் சக்கரம் 1000 பங்கும் ஏற்கவல்லவை எனக் கொள்வோம். சமப் பங்கீட்டில் பாறையில் நிற்கும் சக்கரத்திற்கும் 100 பங்கே கிடைக்கும். ஆக மொத்தம் 200. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் சேற்றுச் சக்கரம் விரைந்து சுழலுமேயன்றி வண்டி நகராது.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கு இக்குறை இல்லையா என்று நீங்கள் வினவலாம். அங்கும் உண்டு. முன் அச்சில் ஒரு சக்கரமும் பின் அச்சில் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால், நாற்சக்கர இயக்கம் கொண்ட வண்டியும் நின்றுவிடும். குறுக்காக வெட்டிய பள்ளத்தைச் சாய்வாகக் கடக்கும்போது எதிரெதிர் மூலைகளில் உள்ள சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கப்படுவது இத்தகைய நிலையே.

விட்டுப் பிடித்தல்

முதல் தீர்வு, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்சியல்'. இது சக்கரங்களின் வேக வேறுபாட்டை ஓரளவு அனுமதிக்கும். அளவு மீறினால் இழுத்துப் பிடிக்கும். ஒருவகையில், அடுக்கடுக்கான கிளட்ச் தகடுகளின் உராய்வு இப்பணியைச் செய்கிறது. மற்றொரு வகையில், சிறப்பாக வெட்டப்பட்ட பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று நெருக்குவதால் அது நிகழ்கிறது. 'டார்சென்' என்பது பின்னதற்கு எடுத்துக்காட்டு.

பிடிப்புக் குறைந்த சக்கரம் ஏற்பதைப்போல மூன்று மடங்கை மறு சக்கரத்திற்கு அனுப்பும் அமைப்பு ஒன்றைக் கருதுவோம். மேற்கண்ட கணக்கில் 100உம் 300உம் சேர்ந்து 400 கிடைக்கும். முந்தைய 200ஐவிட இது இருமடங்கு. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது ஏற்கும் விசை சுழியம். சுழியத்தை மூன்றால் பெருக்கினாலும் சுழியமே! பற்சக்கர வகை அவ்விடத்தில் கைவிட்டுவிடும். தகட்டு வகை முன்னமே இறுக்கப்பட்டிருப்பதால் சிறிதளவு உதவும். ஆனால், அதன் தகடுகள் நாளடைவில் தேயும்; அதற்குரிய எண்ணெயையும் தவறாது மாற்ற வேண்டும்.

முற்றிலும் பூட்டுதல்

இரண்டாவது தீர்வு பூட்டு. பூட்டியவுடன் இரு அரைத்தண்டுகளும் ஒரே தண்டாகிவிடுகின்றன. சேற்றுச் சக்கரம் 100 பங்கையும், பாறைச் சக்கரம் 1000 பங்கையும் ஏற்க, மொத்தம் 1100 பங்கு கிடைக்கும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றொன்று வண்டியை உந்தும்.

காற்றழுத்தம், மின்சாரம், கம்பி ஆகியவற்றுள் ஒன்றால் ஓட்டுநரே பூட்டும் வகையும், சக்கரம் சுழல்வதை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் வகையும் உள்ளன. நம் நாட்டில் உருவாகும் வண்டிகளுள் ஃபோர்ஸ் கூர்க்காவின் முன், பின் அச்சுகளை ஓட்டுநர் பூட்டலாம். மகிந்திரா தாரின் சில வகைகளில் பின் அச்சு தானே பூட்டிக்கொள்கிறது.

பூட்டுக்கும் விலை உண்டு. உறுதியான தார்ச்சாலையில் பூட்டியபடி திரும்பினால் டயர் தேயும். அரைத்தண்டு முறுக்கேறி ஒடியவும் கூடும். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் கனத்து, வண்டி நேராகவே செல்ல முற்படும். ஈரமான சரிவில் இரு பின்சக்கரங்களும் ஒருசேரச் சுழன்றால், பக்கவாட்டுப் பிடிப்பு அற்றுப்போய் வண்டி பள்ளத்தின் பக்கம் சறுக்கும். மலைப்பாதையில் இஃது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

எதனைத் தேர்வது?

மலையூர் மக்கள் கூடி, நோயாளிகளை அடிவார மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஒரு வண்டி வாங்க எண்ணுவதாகக் கொள்வோம். வழியில் பெரும்பகுதி தார்ச்சாலை. நான்கு கிலோமீட்டர் மண்பாதை. இடையே உருண்டைக் கற்கள் நிறைந்த ஓர் ஓடை. மண்பாதை மட்டுமே இடர் என்றால் லிமிடெட் ஸ்லிப் வகை போதும். அது தார்ச்சாலையிலும் தொல்லை தராது. ஓட்டுநர் எதனையும் இயக்க வேண்டியதும் இல்லை. ஆனால், ஓடைக் கற்களின்மேல் ஏறும்போது ஒரு சக்கரம் தூக்கப்படும். அங்கே பூட்டுதான் கைகொடுக்கும். எனவே, வேண்டும்போது மட்டும் பூட்டத்தக்க வகையே இவ்வூருக்கு ஏற்றது.

ஓர் அச்சுக்கு மட்டுமே பொருள் இருப்பின் பின் அச்சையே தேர்வது நன்று. மேடேறும்போது எடை பின்சக்கரங்களின்மேல் சாய்வதால் அங்கே பிடிப்பு மிகும், ஸ்டியரிங்கும் இடர்ப்படாது. இதற்கெல்லாம் முன்பாக, தேயாத நல்ல டயர்கள் வேண்டும். தரையைத் தொடுவது டயரே. அதற்குப் பிடிப்பில்லையேல் எப்பூட்டும் பயன் தராது.

கருவியும் கையும்

பூட்டைப் பயன்படுத்துவதற்கும் முறை உண்டு. தடையை எதிர்கொள்ளும் முன்னரே, வண்டியை நிறுத்தியோ மெல்ல உருட்டியோ பூட்ட வேண்டும். ஒரு சக்கரம் விரைந்து சுழலும்போது பூட்டினால் பற்கள் உடையும். உறுதியான தரையை அடைந்ததும் விடுவிக்க வேண்டும்.

வயலில் அந்த டிராக்டர் ஓட்டுநர் செய்ததும் இதுவே. எப்போது மிதிப்பது என்பதைப் போலவே, எப்போது காலை எடுப்பது என்பதையும் அவர் அறிந்திருந்தார். விலை கொடுத்தால் கருவி கிடைக்கும். இந்த அறிவோ தரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே கிடைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் ஒருவரைக் கண்டு, டிஃபரன்சியல் லாக்கை அவர் பயன்படுத்தும் சூழல்களைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. சமமாகப் பங்கிடுவதே இயல்பான டிஃபரன்சியலுக்குக் குறையாவது எவ்வாறு? கணக்குடன் விளக்குக.

3. மணற்பாங்கான கடற்கரைச் சிற்றூருக்கு வண்டி வாங்குவோருக்கு நீங்கள் எவ்வகையைப் பரிந்துரைப்பீர்கள்? காரணம் காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.